சுத்தம் போதும், நேரம் தவறக் கூடாது

நனைத்துக்கொண்டே இருக்கும் குழந்தையைப் பார்த்து எங்கள் வார்டில் யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. முதுகில் கட்டியோடு பிறந்து, ஆபரேஷன் முடிந்து, சில மாதம் கழித்து ஓ.பி.க்கு வரும் அம்மா, "இப்பல்லாம் பாப்பா முன்ன மாதிரி சொட்டிக்கிட்டே இருக்கிறதில்ல சிஸ்டர், ஜட்டி காய்ஞ்சே இருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்வார். டாக்டர் பேனாவைக் கீழே வைப்பது அப்போதுதான். அடுத்த சீட்டு வயிற்று ஸ்கேனுக்கு, அதற்கடுத்தது கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கிரியாட்டினின் ரத்தச் சோதனைக்கு.

குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில்தான் என் உத்தியோகத்தில் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. குடல் முறுக்கு, விரைவாதம், மலத்துவாரம் இல்லாமல் பிறந்த குழந்தை என்று எல்லாமே வரும். பெரும்பாலும் வந்து, தைத்து, ஆறி, போய்விடும். முதுகுக்கட்டிப் பிள்ளைகள் அப்படிப் போவதில்லை. தண்டுவடம் கருவிலேயே சரியாக மூடாமல், முதுகில் பை மாதிரி புடைத்துக்கொண்டு பிறக்கிறவர்கள். கட்டியை மூடித் தைப்பது முதல் ஆபரேஷன். அதற்கப்புறம் கால், தலை, மலம், மூத்திரம் என்று வருடக்கணக்கில் எங்களோடுதான் இருப்பார்கள். இந்தப் பிள்ளைகளின் கிட்னியை யார் காப்பாற்றினார்கள், எப்படிக் காப்பாற்றினார்கள் என்று ஓய்வு நேரத்தில் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து எழுதிவைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் அந்தக் காய்ந்த ஜட்டி விஷயம். சிறுநீரகம் சொட்டுச் சொட்டாகத் தயாரிக்கிற சிறுநீரை இரண்டு மெல்லிய குழாய்கள் பிழிந்து பிழிந்து கீழே சிறுநீர்ப்பைக்குள் தள்ளுகின்றன. நல்ல பையாக இருந்தால், பாதி நிறைந்தாலும் முக்கால் நிறைந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறாது. சுவர் தளர்ந்து இடம் கொடுக்கும். நிறைந்ததும் தகவல் முதுகுத்தண்டின் அடிப்பாகத்துக்குப் போய், பை சுருங்கும், வாய் திறக்கும். முதுகுக்கட்டிப் பிள்ளைக்கு அந்த அடிப்பாகத்தில்தான் நரம்பு கெட்டிருக்கிறது. சில பிள்ளைகளுக்கு வாய் தளர்ந்தே இருக்கும், சொட்டிக்கொண்டே இருப்பார்கள். நாற்றம், புண், அக்கம்பக்கத்தார் முகச்சுளிப்பு எல்லாம் உண்டு. ஆனால் அழுத்தம் வெளியேறிவிடுகிறது. வேறு சில பிள்ளைகளுக்குப் பை சுருங்குகிற அதே நேரத்தில் வாயும் இறுகிக்கொள்ளும். வெளியே சொட்டாது. உள்ளே சுவர் தடித்து, விறைத்து, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மேலிருந்து வருகிற குழாய்கள், நெரிசலான டவுன் பஸ்ஸில் படியில் தொற்ற முயல்கிறவன் மாதிரி, தள்ளித் தள்ளி முடியாமல் நின்றுவிடும். சிறுநீர் மேலேயே தேங்கும், இல்லாவிட்டால் கீழிருந்து திரும்ப ஏறும். வலி கிடையாது. காய்ச்சல்கூட வராமல் இருக்கலாம். அம்மாவுக்குத் தெரிவதெல்லாம் பிள்ளை நனைப்பதை விட்டுவிட்டது என்பதுதான்.

1950களுக்கு முன்னால் இந்தப் பிள்ளைகளில் பலர் கிட்னி கெடுகிற வயதுவரை இருந்ததே இல்லை. தலையில் நீர் கோத்து முதலிலேயே போய்விடுவார்கள். ஜான் ஹோல்டர் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பருக்கு இப்படி ஒரு மகன் பிறந்தான். மருத்துவம் படிக்காத அந்த அப்பா, யூஜின் ஸ்பிட்ஸ் என்ற நரம்பியல் அறுவை நிபுணரோடு சேர்ந்து 1956இல் தலை நீரை வடியவிடும் வால்வு ஒன்றைச் செய்துகொடுத்தார். அது வந்த பிறகு முதுகுக்கட்டிப் பிள்ளைகள் பிழைத்தார்கள், வளர்ந்தார்கள். வளர்ந்தவர்களைக் கிட்னி கொண்டுபோனது.

அந்தக் காலத்து அறுவை நிபுணர்களிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது: பையையே விட்டுவிடு. சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, இரண்டு குழாய்களையும் அதில் தைத்து, துண்டின் மறுமுனையை வயிற்றுத் தோலில் திறந்து, மேலே ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டிவிடுவது. செயின்ட் லூயிஸைச் சேர்ந்த யூஜின் பிரிக்கர் 1950இல் இதை விவரித்தபோது அவர் மனதில் இருந்தவர்கள் இடுப்புப் பகுதியில் புற்றுநோய் வந்த பெரியவர்கள். அவர்களுக்குச் சில வருடம் தாங்கினால் போதும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அறுபது வருடம் தாங்கவேண்டும். தாங்கவில்லை. பத்து, பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தபோது கல், அடைப்பு, தொற்று என்று பலருக்குக் கிட்னி கெட்டிருந்தது. அதன் பிறகு 1970களில் பாஸ்டனில் ஹார்டி ஹெண்ட்ரென் என்பவர் அந்த வயிற்றுப் பைகளை எடுத்துவிட்டு, பிள்ளைகளின் சொந்தப் பையோடு மறுபடியும் குழாய்களை இணைக்கும் நெடுநேர ஆபரேஷன்களைச் செய்ய ஆரம்பித்தார். ஒரு தலைமுறை அறுவையை அடுத்த தலைமுறை அறுவை அவிழ்த்தது.

சிறுநீர் வரும் வழியில் ட்யூப் விட்டு, பையை அவ்வப்போது காலி செய்யலாமே என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் அதைச் செய்துகொண்டுதான் இருந்தார். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர். போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்காக 1944இல் அந்தப் பிரிவைத் தொடங்கியவர். பாராலிம்பிக்ஸுக்கு விதை போட்டவரும் அவரே. ஆனால் அவருடைய முறையில் கதீட்டர், அதாவது அந்த ட்யூப், விடுவது ஒரு சிறு ஆபரேஷன் மாதிரி. மாஸ்க், ஸ்டெரைல் கையுறை, ஸ்டெரைல் துணி, தொடக்கூடாத இடம், தொடவேண்டிய இடம். முதலில் டாக்டர்தான் செய்யவேண்டும் என்று வைத்திருந்தார். ஹான்ஸ் ஃப்ராங்கெலும் அவரும் 1966இல் 476 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்; பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு டாக்டர், வாழ்நாள் முழுக்க, எந்த வீட்டுக்கு வருவார்? ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாத வைத்தியம் அது.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் ஜாக் லாபிடஸ் என்ற சிறுநீரியல் பேராசிரியர் வேறு கோணத்தில் யோசித்தார். கிருமி எங்கும் இருக்கிறது. நல்ல பைக்குள்ளும் போகிறது, போன வேகத்தில் வெளியேற்றப்படுகிறது. அப்படியானால் இந்த நோயாளிகளுக்கு மட்டும் ஏன் தொற்று? பை அளவுக்கு மீறி விரிந்து நிற்பதால்தான் என்றார். விரிந்த சுவரில் ரத்த ஓட்டம் குறைகிறது. ரத்தம் குறைந்த இடத்தில் கிருமி வேரூன்றுகிறது. இது சரி என்றால், ட்யூப் கிருமியற்றதா என்பதைவிடப் பை எவ்வளவு நேரம் நிறைந்து கிடக்கிறது என்பதுதான் முக்கியம். சோப்புப் போட்டுக் கையைக் கழுவு, ட்யூபைக் கழுவு, நேரத்துக்கு விடு. கையுறை வேண்டாம், ஸ்டெரைல் வேண்டாம், நோயாளியே செய்துகொள்ளட்டும்.

இன்று கேட்டால் சாதாரணமாக இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் ஸ்டெரைல் ட்ரேயின் ஓரத்தைச் சுண்டுவிரல் தொட்டதற்குத் திட்டு வாங்காத நர்ஸ் யாரும் இருக்கமாட்டார்கள். நானும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பயத்தில் வளர்ந்த ஒரு கூட்டத்துக்கு முன்னால் 1971இல் லாபிடஸ் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 1972இல் கட்டுரை அச்சில் வந்தது. அதில் நான்கு பெயர்கள்: லாபிடஸ், டியோக்னோ, சில்பர், லோ. அனனியாஸ் டியோக்னோ பிலிப்பைன்ஸிலிருந்து பயிற்சிக்கு வந்து பிறகு பெரிய ஆளானவர். நான்காவது பெயர், லோ, அந்தத் துறையில் நர்ஸ். நோயாளியை உட்காரவைத்து, பயம் போக்கி, "இப்படிப் பிடி, இங்கே விடு" என்று சொல்லிக்கொடுக்கிற வேலை யாருடையது என்று எங்களுக்குத் தெரியாதா? ஆய்வுக் கட்டுரைகளில் அந்த வேலை 'நோயாளிகளுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது' என்று ஆள் இல்லாத வினையாக முடிந்துவிடும். இந்த ஒரு கட்டுரையிலாவது பெயர் ஏறியது.

ரத்த ஓட்டம் பற்றி அவர் சொன்ன விளக்கம் முழுக்கச் சரியா என்பதில் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் செய்முறை நிலைத்துவிட்டது. பத்து வருடம் கழித்து, 1983இல், அதே நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று டியோக்னோவும் மற்றவர்களும் தேடிப் பார்த்து எழுதினார்கள். கழுவின ட்யூபோடு அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். பெரியவர்களுக்காக ஆரம்பித்த இந்த முறைதான் முதுகுக்கட்டிப் பிள்ளைகளின் ஆயுளை மாற்றியது. புதிதாக எந்தக் கருவியும் வரவில்லை, எந்த மருந்தும் வரவில்லை.

அழுத்தத்துக்கு ஓர் எண் வந்தது 1981இல். எட்வர்ட் மெக்குவையரும் கூட்டாளிகளும் 42 பிள்ளைகளைச் சராசரியாக 7 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பையில் மெதுவாக நீர் ஏற்றி, எந்த அழுத்தத்தில் வெளியே சொட்ட ஆரம்பிக்கிறது என்று அளந்தார்கள். 40 சென்டிமீட்டர் நீர் அழுத்தமோ அதற்குக் கீழோ சொட்டியவர்கள் 20 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூடச் சிறுநீர் மேலே ஏறவில்லை, இரண்டு பேருக்கு மட்டும் குழாய் விரிந்திருந்தது. 40க்கு மேல்தான் சொட்டியது என்ற 22 பேரில் 15 பேருக்குச் சிறுநீர் திரும்ப ஏறியது, 18 பேருக்குக் குழாய் விரிந்திருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் உலகம் முழுக்கப் பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் அறையில் இன்றைக்கும் ஸ்கிரீனைப் பார்க்கிற கண் அந்த 40ஐத்தான் தேடுகிறது. இன்று பரிசோதனை நுட்பங்கள் கூடிவிட்டதால், 40 என்பது மதில் மாதிரி ஒரு கோடு அல்ல, 30லேயே கவலைப்பட ஆரம்பிக்கலாம் என்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்த எண்ணைவிட அது கொடுத்த துணிச்சல்தான் பெரிதாகப் படுகிறது: கிட்னி கெடும்வரை காத்திருந்து பிறகு ஓடவேண்டாம், யாருக்குக் கெடப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லலாம். பாஸ்டனில் ஸ்டூவர்ட் பாவர் பிறந்த குழந்தைகளிலேயே இதை அளக்க ஆரம்பித்தார். நெதர்லாந்தில் யூட்ரெக்ட் குழுவினர் பிறந்தவுடனேயே ட்யூபும், பையைத் தளர்த்தும் ஆக்ஸிபியூட்டினின் மருந்தும் ஆரம்பித்துவிட்டு, பெரும்பாலான பிள்ளைகளின் கிட்னி வடு இல்லாமல் இருந்ததை 2006இல் எழுதினார்கள்.

இனி எங்கள் வார்டு.

சி.ஐ.சி. என்று எழுதி அனுப்புவார்கள், கழுவின ட்யூபை நேரத்துக்கு நேரம் விட்டுக் காலி செய்கிற அந்த லாபிடஸ் முறைதான். கற்றுக்கொடுப்பது எங்கள் வேலை. கடையில் கதீட்டர் என்று கேட்டால் விலை ஏறும் என்பதால், நம் பக்கத்தில் பெரும்பாலும் பச்சைக் குழந்தைக்கு மூக்கு வழியாகப் பால் கொடுக்கிற ஃபீடிங் ட்யூபையே வாங்கச் சொல்வோம். 6ஆம் நம்பர், 8ஆம் நம்பர். பிளாஸ்டிக், வழுவழுப்பு, சில ரூபாய். இன்னொரு லாபமும் உண்டு. முதுகுக்கட்டிப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆபரேஷன் மேல் ஆபரேஷன் என்று ரப்பர் பட்டுப் பட்டு, பலருக்கு ரப்பர் பாலுக்கே ஒவ்வாமை வந்துவிடும். கையுறை, ரப்பர் கதீட்டர், பிறந்தநாள் பலூன் எல்லாமே அவர்களுக்கு ஆபத்து. பலூனைச் சொன்னால் அம்மாக்கள் நம்புவதில்லை. ஒரு தடவை உதடு வீங்கிப் பார்த்தபிறகு நம்புவார்கள்.

முதல் நாள் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "நீங்க க்ளவுஸ் போட்டு, பெட்டாடின் தேய்ச்சு, அவ்வளவு பாத்துப் பாத்து செய்றீங்க. என்னைய மட்டும் வெறும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு விடச் சொல்றீங்க. எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"நான் ஒரு பெட்டுல இருந்து இன்னொரு பெட்டுக்குப் போறவம்மா. அடுத்த புள்ளையோட கிருமி என் கையில வரும். அதுக்குத்தான் க்ளவுஸ். நீ உன் புள்ளைய மட்டும்தானே தொடப்போற? உன் வீட்டுக் கிருமி அவனுக்குப் பழகின கிருமிதான்."

இதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. பெண் குழந்தைக்கு இடம் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பத்து தடவை தவறான இடத்தில் போய், ட்யூபில் எதுவும் வராமல், அம்மா அழுதுவிடுவார். பதினோராவது தடவை பளிச்சென்று சிறுநீர் வரும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். வந்ததும் அவசரப்பட்டு எடுத்துவிடுவார்கள். இன்னும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, நின்றதும் மெதுவாக இழுத்து, இழுக்கும்போது மறுபடி வந்தால் அங்கேயே நிறுத்து என்று சொல்லவேண்டும். அடியில் தங்குகிற அந்தக் கடைசி 10 மில்லியில்தான் தொந்தரவு எல்லாம்.

பிறகு நோட்டு. எத்தனை மணிக்கு விட்டாய், எத்தனை மில்லி வந்தது. வயதோடு 2 கூட்டி 30ஆல் பெருக்கினால் அந்த வயதுப் பிள்ளையின் பை எவ்வளவு கொள்ளும் என்று தோராயமாக வரும். நாலு வயது என்றால் 180 மில்லி. நோட்டில் தொடர்ந்து 250 என்று இருந்தால் இடைவெளி கூடிப்போயிருக்கிறது. 60 என்று இருந்து நடுவில் நனைக்கவும் செய்தால் பை சுருங்கி விறைத்திருக்கலாம். படிப்பில்லாத அம்மாக்கள் கோடு போட்டு எழுதிவருவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு டம்ளருக்கு ஒரு கோடு. டாக்டர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு முன்னால் அந்த நோட்டைத்தான் கேட்பார்கள்.

வயிற்றை அமுக்கி எடுப்பது என்று ஒரு பழக்கம் உண்டு. தொப்புளுக்குக் கீழே இரண்டு கையாலும் அழுத்தினால் பீச்சிக்கொண்டு வரும். பழைய புத்தகங்களில் வைத்தியமாகவே எழுதியிருந்தது. இன்றும் சில ஊர்களில் பாட்டிகள் தாமாகவே கண்டுபிடித்துச் செய்கிறார்கள். வாய் இறுகின பையை வெளியிலிருந்து அமுக்கினால் உள்ளே அழுத்தம் எகிறும், கீழே போகாதது மேலே ஏறும். இதைப் புரியவைப்பது ட்யூப் விடக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம், ஏனென்றால் அமுக்கினால் வருகிறதே, கண்ணால் பார்க்கிறார்களே.

எங்களிடம் நன்றாகக் கற்றுக்கொண்ட ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி. மருமகள் வேலைக்குப் போகிறவள், பேரன் ஆச்சியிடம். கண்ணாடி மாட்டி, டார்ச்சை மகன் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, இரண்டாம் நாளே சரியாக விட்டார். "இதுக்குப் போயி ஏன் இத்தன பேரு அழுதீங்க" என்று பக்கத்துக் கட்டில் அம்மாக்களைத் திட்டவும் செய்தார். அப்பாக்களைப் பற்றி நல்லதாக எழுத ஆசைதான். கற்றுக்கொண்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தடவை, வருடம் முழுக்க, கல்யாண வீடு, துக்க வீடு, பஸ் பயணம் எதிலும் தவறாமல் ஒரே ஆள் செய்தால் அந்த ஆள் உடைந்துபோவாள். அதனால் வீட்டில் இரண்டு பேர் கற்றுக்கொள்ளாமல் டிஸ்சார்ஜ் சீட்டு தருவதில் எனக்கு விருப்பமே இல்லை. என் விருப்பத்தை யார் கேட்கிறார்கள், பெட் வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு வரும் பெரிய குழப்பம், சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட். ஊரில் யாரோ ஒருவர் யூரின் கல்ச்சர் எழுதிக்கொடுப்பார், ஈ. கோலை என்ற கிருமி வளர்ந்திருக்கிறது என்று வரும், ஊசி போட ஆரம்பித்துவிடுவார்கள். ட்யூப் விடுகிற பிள்ளையின் சிறுநீரில் கிருமி இருப்பது வழக்கம், இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். வர்ஜீனியாவில் இந்தப் பிள்ளைகளின் சிறுநீரை வாரா வாரம் சோதித்த சிறு ஆய்வு ஒன்று 1995இல் வந்தது: பெரும்பாலான வாரங்களில் கிருமி இருந்தது, ஆனால் பிள்ளைக்கு ஒன்றும் செய்யவில்லை. காய்ச்சல், இடுப்பு வலி, புதிதாக நனைப்பது, வாந்தி என்று ஏதாவது இருந்தால் மருந்து. கிருமி மட்டும் இருந்து பிள்ளை ஓடியாடினால் விட்டுவிடவேண்டும். விடாமல் ஒவ்வொரு தடவையும் மருந்து கொடுத்தால், நிஜமாகக் காய்ச்சல் வருகிற அன்றைக்கு எந்த மருந்தும் கேட்காது. இதை நான் சொன்னால் "நர்ஸம்மா சொன்னாங்க" என்று போய்விடும். அதனால் டாக்டர் கையாலேயே நோட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக் கொடுத்துவிடுவேன்.

ட்யூபை எத்தனை தடவை கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பதற்கு உலகத்திலேயே நல்ல பதில் கிடையாது என்பது எனக்குச் சமீப காலத்தில்தான் புரிந்தது. காக்ரேன் என்று ஓர் அமைப்பு உலகத்து ஆய்வுகளையெல்லாம் சலித்துத் தீர்ப்புச் சொல்லும். ஒருமுறை பயன்படுத்தி எறிந்தாலும் கழுவிப் பயன்படுத்தினாலும் தொற்றில் தெளிவான வித்தியாசம் இல்லை என்கிற மாதிரி 2014இல் அவர்களுடைய தொகுப்பு சொன்னது. பிறகு வேறொரு குழு மூல ஆய்வுகளை மறுபடி எண்ணிப் பார்த்து, தொகுப்பில் எடுத்தாண்ட எண்களில் பிழை இருப்பதைக் காட்டியது. காக்ரேன் அந்தத் தொகுப்பையே திரும்பப் பெற்றுக்கொண்டது. 2021இல் புதிதாக எழுதினார்கள்: இருக்கிற ஆய்வுகளை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று. அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு 2008 வரை மாதத்துக்கு 4 கதீட்டர்தான் கொடுத்தது, அதன் பிறகு 200 வரை. 4லிருந்து 200க்குப் போனதற்குப் பின்னால் இருந்த ஆய்வு பலம், மேலே சொன்ன அளவுதான். தொற்றைக் குறைக்கும் நோக்கம் அதில் நிச்சயம் இருந்திருக்கும்; கதீட்டர் விற்பது பெரிய வணிகம் என்பதையும் நான் மறக்கமாட்டேன். எங்கள் அம்மாக்கள் ஒரு ட்யூபைக் கழுவி, உதறி, காயவைத்து, மூடியிட்ட டப்பாவில் போட்டுச் சில நாள் ஓட்டுகிறார்கள். ட்யூப் விறைத்தாலோ நிறம் மாறினாலோ எறியச் சொல்கிறோம். எறிந்துவிட்டு ஒன்று வாங்கக் காசில்லை என்று நிறுத்திவிடுவதைவிட, கழுவிய ட்யூப் நூறு மடங்கு மேல்.

இதற்கிடையில் பத்திரிகைகளில் பெரிய செய்திகளும் வந்தன. 2006இல் அமெரிக்காவில் அந்தோனி அடாலா குழு, பிள்ளையின் சொந்தச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, சட்டகத்தில் படியவைத்து, பையைப் பெரிதாக்கித் தைத்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. 4 முதல் 19 வயது வரையான 7 பேர், எல்லோரும் முதுகுக்கட்டிக்காரர்கள். உறுப்பையே வளர்த்துவிட்டார்கள் என்று உலகம் கொண்டாடியது. எங்களிடம்கூட ஓர் அப்பா அந்தச் செய்தியின் பிரதியை மடித்துக் கொண்டுவந்தார். அடுத்த கட்டமாகப் பல மருத்துவமனைகளில் 10 பிள்ளைகளுக்குச் செய்து பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. பையின் விறைப்பு தளரவில்லை. நாலு பேருக்குக் குடல் அடைப்பு, பை கிழிதல் மாதிரியான கடுமையான சிக்கல்கள். அந்தச் செய்தியை யாரும் மடித்துக் கொண்டுவரவில்லை.

சீனாவில் சியாவோ சுவான்குவோ என்பவர் காலுக்குப் போகிற நரம்பை வெட்டிப் பைக்குப் போகிற நரம்போடு இணைத்தால், தொடையைச் சொறிந்தாலே சிறுநீர் வரும் என்று சொல்லிவந்தார். ஆயிரக்கணக்கானோர் செய்துகொண்டார்கள். ஃப்ளோரிடாவில் 20 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மட்டும் அந்த இணைப்பைச் செய்து, யாருக்குச் செய்தது என்று பரிசோதிப்பவருக்குத் தெரியாமல் வைத்து, மூன்று வருடம் பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது: பலன் இல்லை. இப்படியொரு ஆய்வுக்குச் சம்மதித்த பெற்றோரை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. வராத பலனை வரவில்லை என்று நிரூபித்துக் கொடுத்ததால் எத்தனை பிள்ளைகளின் கால் நரம்பு பிழைத்தது!

தேறின ஆபரேஷனும் உண்டு. பிரான்சில் ரூவான் நகரத்து போல் மித்ரோஃபனோஃப் 1980இல் எழுதினார்: குடல்வாலை எடுத்து, ஒரு முனையைப் பையிலும் மறுமுனையை வயிற்றுத் தோலிலும் தைத்துவிட்டால், அதன் வழியாக ட்யூப் விடலாம். தொப்புளுக்குள் மறைத்து வைத்தால் வெளியே தெரியவும் தெரியாது. சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உடையை அவிழ்க்க வேண்டாம், கண்ணாடி வைத்துத் தேட வேண்டாம். 1990இல் இங்கிலாந்தில் பாட்ரிக் மலோன் அதே குடல்வாலை மலம் கழுவுவதற்குப் பயன்படுத்தினார். இரண்டும் லாபிடஸின் கழுவின ட்யூப் இல்லாவிட்டால் அர்த்தமில்லாத ஆபரேஷன்கள். ட்யூபுக்கு இன்னொரு வாசல் வைத்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். அம்மாவின் வயிற்றுக்குள்ளேயே குழந்தையின் முதுகை மூடித் தைக்கும் அமெரிக்க ஆய்வு 2011இல் வந்து தலையில் குழாய் வைக்கும் தேவையை 82 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைத்தது; அந்தப் பிள்ளைகள் பள்ளி வயதுக்கு வந்தபோதும் ட்யூப் விடுகிறவர்கள் 62 சதவீதம், வெளியே வந்தபிறகு தைத்தவர்களில் 87. நல்ல முன்னேற்றம். ஆனால் அதிலும் பாதிக்கு மேல் ட்யூப்தான்.

ஆக, ஆராய்ச்சி எங்கு சுற்றினாலும் வீட்டில் ஒரு கை கழுவும் இடத்துக்கே திரும்பி வருகிறது. பள்ளிக்கூடத்தில் அந்த இடம் இருக்கிறதா என்பதுதான் எங்கள் ஊரில் கேள்வி. காலை 7 மணிக்கு வீட்டில், 11க்கும் 2க்கும் பள்ளியில், பிறகு மறுபடி வீட்டில் என்று கணக்கு. தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை, குழாயில் தண்ணீர், சோப்பு, ஐந்து நிமிடம். இது கிடைக்காத பிள்ளை என்ன செய்கிறது தெரியுமா? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறது. கொடுத்துவிட்ட பாட்டில் அப்படியே திரும்பி வரும். குடிக்காத பிள்ளைக்குக் கல் வரும், தொற்று வரும், மலம் இறுகும். தலைமையாசிரியரிடம் கொடுக்கச் சொல்லி டாக்டர் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதித் தருகிறோம். சில பள்ளிகளில் ஆசிரியைகளே நேரம் பார்த்துக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். சில இடங்களில் "இந்தப் புள்ளைய வேற ஸ்கூல்ல பாருங்க" என்கிறார்கள்.

ஆறு ஏழு வயதில் பிள்ளைகள் தாமே செய்யக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அம்மாக்கள்தான் விடமாட்டார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தி, அம்மா வெளியே நிற்க, கதவைச் சாத்திக்கொண்டு போய், அளந்து, கழுவி, வெளியே வந்து, "சிஸ்டர்க்கா, நூத்தி அறுபது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பெருமை பாதி, வேலை போன கலக்கம் பாதி.

எங்கள் வார்டில் 12 வயது வரைதான். அதற்குமேல் பெரியவர்கள் யூராலஜி ஓ.பி.க்குப் போகவேண்டும். அங்கே கல்லும் ப்ராஸ்டேட்டுமாக வரிசையில் நிற்கிற தாத்தாக்களுக்கு நடுவில் இந்தப் பிள்ளை போய் நிற்கும். அங்கே உள்ளவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் இவளுடைய பன்னிரண்டு வருடக் கதை அவர்களுக்குத் தெரியாது. அதனால் கடைசி ஓ.பி. நாளில் புது நோட்டு ஒன்று வாங்கிவரச் சொல்லி, முதல் பக்கத்தில் ஆறு விஷயம் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்குகிறேன்: கடைசி யூரோடைனமிக்ஸ் எப்போது, அதில் அழுத்தம் எத்தனை, கிட்னி ஸ்கேனில் வடு உண்டா இல்லையா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்த நம்பர் ட்யூப், ரப்பர் ஒத்துக்கொள்ளாது. ஏழாவதாக, அம்மாவின் போன் நம்பருக்குக் கீழே பிள்ளையின் நம்பரையும் எழுதச் சொல்கிறேன், ஏனென்றால் இனி அவர்கள் கூப்பிட வேண்டியது அவளைத்தான்.